சரவணமுத்து ஓடிய ஒரு மைல்

ஓமலூர்,
பார்த்திப வருஷம், மாசி மாதம்.

அன்புள்ள சின்னுசாமிக்கு சென்றாயன் எழுதுவது.

உன் கடிதம் மூன்று மாதம் அலைந்துவிட்டுப் போன வாரம் வந்து சேர்ந்தது. நீயும் உன் சம்சாரமும் மகளும் மலாயாவில் ஈப்போவில் உயிரோடு இருக்கிறீர்கள் என்று படித்ததும் என் வீட்டுக்காரி அத்தாயி விளக்கேற்றிக் கும்பிட்டாள். அந்த ஊர் ஜப்பான்காரன் கையில் இருந்த காலமெல்லாம் உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. இருக்கமாட்டீர்கள் என்றே நினைத்துவிட்டோம். இங்கே நாங்களும் இருக்கிறோம். இந்த வருஷம் மழை இல்லை. கிணற்றில் முழங்கால் ஆழம் தண்ணீர் கிடக்கிறது. ரேஷன் கடையில் போடுவதைச் சாப்பிடுகிறோம். என் அம்மா முந்தின வருஷம் தவறிவிட்டாள்.

சித்திரையில் ஊருக்கு வருவதாகவும், சேலம் காலேஜ் மைதானத்தில் நாம் இருவரும் ஒரு மைல் ஓட வேண்டும் என்றும், கிழட்டு வயதிலாவது உன்னை முந்தவிட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். அவசியம் வா. ஆனால் நான் இப்போது ஓடுவதில்லை.

உன் மகள் என் ஓட்டத்தைப் பற்றி எழுதச் சொன்னாளாம். அவளுக்கு இதைப் படித்துக் காட்டு. மேட்டூரில் அணை கட்டியபோது உன் அப்பாவும் நானும் சீட்டுக் கொண்டு ஓடும் ஆட்கள். இந்தக் கரையில் ஒரு துரை எழுதிக் கொடுப்பதை, கல்லும் சேறும் தாண்டி அந்தக் கரையில் இருக்கும் துரையிடம் சேர்க்க வேண்டும். யார் முந்துவது என்று நாங்கள் போட்டி போட்டதைப் பார்த்துவிட்டு, அங்கே நடந்த விளையாட்டு விழாவில் எங்களையும் நிறுத்தினார்கள். ஒரு மைல் ஓட்டம். நான் முதல், உன் அப்பா இரண்டாவது. அதனால் அவருக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது, எனக்குப் போலீஸில். முப்பத்தைந்தாம் வருஷம் சென்னையில் மாகாணப் போட்டி. உன் அப்பா மூன்றரைச் சுற்று வரைக்கும் முன்னால் ஓடினார். நான் பின்னாலேயே வந்து கடைசி வளைவில் தாண்டினேன். நாலு நிமிஷம் முப்பத்தொரு செகண்டு. அவர் புல்லில் உட்கார்ந்து வாந்தி எடுத்துவிட்டு, “உன் மூச்சுச் சத்தமே கேக்கறதில்லையே, மனுசந்தானா நீ?” என்று கேட்டார்.

நீங்கள் கப்பலேறிய பிறகும் மூன்று வருஷம் மைலும் அரை மைலும் என்னிடமே இருந்தன. பம்பாய்க்கு அனுப்பினார்கள். அங்கே பட்டாளத்துக்காரர்கள் இரண்டு பேர் முந்திவிட்டார்கள். மூன்றாவதாக வந்தேன். சேலத்தில் ஓடினால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று என் பேரைச் சொல்லிக் கத்துவார்கள். சண்டை வந்ததும் போட்டிகள் நின்றுபோயின.

மகளிடம் இதோடு நிறுத்திக்கொள். மீதி உனக்கு மட்டும்.

நாற்பத்திரண்டு ஆவணியில் வெள்ளைக்காரனை வெளியேறச் சொல்லி ஊரெல்லாம் கிளம்பியது. தந்திக் கம்பிகளை அறுத்தார்கள். அயோத்தியாப்பட்டணத்துக்குக் கிழக்கே ஆத்தூர் ரோட்டில் எங்களைக் காவல் போட்டார்கள். ஒரு சாயங்காலம் தந்திக் கம்பத்தடியில் நாலு பேர் நிற்பதைக் கண்டு வண்டியை நிறுத்தினோம். மூன்று பேர் சோளக்காட்டுக்குள் புகுந்து மறைந்துவிட்டார்கள். நாலாவது ஆள் ரயில் பாதையை ஒட்டிய வண்டித்தடத்தில் ஓடினான். இருபது வயது இருக்கும். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துச் சிரித்து, “சென்றாயா, இது உன் வேலை” என்றார். பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினேன்.

எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது, சின்னுசாமி. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மூன்று வருஷமாகப் போட்டியே பார்க்காத கால்கள். அவன் நன்றாகத்தான் ஓடினான். ஆனால் பழக்கமில்லாதவன், முதல் கால் மைலிலேயே உள்ளதையெல்லாம் செலவழித்துவிட்டான். அவன் தோள் இறுகுவது எனக்குத் தெரிந்தது. நான் இருபது கஜம் விட்டு வந்துகொண்டிருந்தேன். நினைத்திருந்தால் பாதியிலேயே பிடித்திருக்கலாம். கால் சுளுக்கிவிட்டது என்று தடத்தில் உட்கார்ந்திருந்தாலும் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கமாட்டார்கள். எனக்கு ஒரு மைல் ஓட வேண்டும் போல் இருந்தது, ஓடினேன். ஓடைப் பாலத்துக்குப் பக்கத்தில் அவன் சட்டையைப் பிடித்தேன்.

அவன் குனிந்து மூச்சு வாங்கினான். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். “ஏனுங்கண்ணா, நீங்க ஓமலூர் சென்றாயனுங்களா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். “காலேஜ் மைதானத்துல உங்க ஓட்டத்தப் பாத்திருக்கறனுங்க. வர்றது நீங்கன்னு தெரிஞ்சிருந்தா ஓடியே இருக்கமாட்டனுங்க” என்று சிரித்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. மூச்சை மெதுவாக விடச் சொன்னேன். முதுகைத் தடவிக் கொடுத்தேன். அப்புறம் விலங்கு மாட்டினேன்.

பேர் சரவணமுத்து. அயோத்தியாப்பட்டணத்தில் தறி நெய்கிற குடும்பம். அப்பா இல்லை, அம்மா கந்தம்மாளுக்கு ஒரே பிள்ளை. ஒன்றரை வருஷம் தண்டனை போட்டார்கள். எட்டாவது மாதம் ஜெயிலில் வயிற்றுக்கடுப்பு வந்து செத்துப்போனான்.

வீட்டுக்குத் தகவல் சொல்லும் சீட்டை என்னிடமே கொடுத்தார்கள். நான்தான் சீக்கிரம் போய்ச் சேருவேனாம். அவர்கள் தெருமுனை வரைக்கும் போனேன். தெரு முழுக்கத் தறி ஓடிக்கொண்டிருந்தது. அதில் அவர்கள் வீட்டுத் தறிச் சத்தம் எது என்று எனக்குத் தெரியவில்லை. அங்கே நின்ற தலையாரி சின்னானிடம் சீட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, முழங்கால் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்து வேலையை விட்டேன். அத்தாயி அதை நம்பிவிட்டாள். தினமும் சாயங்காலம் என் நல்ல முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிடுகிறாள். நானும் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இப்போது வேண்டாம் என்று சொன்னாலும் விடமாட்டாள்.

போன ஐப்பசியில் களத்தில் நிலக்கடலை காயப்போட்டிருந்தோம். திடீரென்று ஒரு தூறல் வந்தது. அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பக்கத்துக் காட்டுப் பொன்னாயி கூட ஓடிவந்தாள். நான் நடந்துதான் போனேன். பாதிக் கடலை நனைந்துவிட்டது. அத்தாயி என்னைத் திட்டவில்லை, என் காலைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை. அந்தப் பையன் செத்த சேதி கேட்டபோதும் வரவில்லை, அம்மாவுக்குக் கொள்ளி வைத்தபோதும் வரவில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறேன், படுத்தால் தூங்கிவிடுகிறேன். ஆள் நன்றாகத் தேறியிருப்பதாக ஊரில் சொல்கிறார்கள்.

சரவணமுத்துவின் அம்மா இப்போதும் தறி நெய்துதான் பிழைக்கிறார்களாம். மகனைப் போலீஸ் பிடித்தது என்று மட்டும் அவர்களுக்குத் தெரியும். பிடித்த ஆள் யார் என்று தெரியாது. அவன் எவ்வளவு தூரம் ஓடினான், கடைசியில் எப்படிச் சிரித்தான் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். மூன்று தடவை பஸ் ஏறி அந்தத் தெருவுக்குப் போய்விட்டேன். இரண்டு தடவை முனையிலிருந்து திரும்பினேன். ஒரு தடவை வாசல் வரைக்கும் போனேன். உள்ளேயிருந்து, “ஆரு சாமி, நூல்காரரா?” என்று கேட்டார்கள். அப்படியே திரும்பி நடந்து பஸ் ஏறிவிட்டேன்.

சித்திரையில் வரும்போது உன் வீட்டு வேலையெல்லாம் முடியட்டும். அதற்குப் பிறகு எனக்கு ஒரு நாள் ஒதுக்கிவை. அயோத்தியாப்பட்டணம் போக வேண்டும். நீ எதுவும் பேச வேண்டாம். எனக்காகச் சமாதானமும் சொல்ல வேண்டாம். பேச வேண்டியதை நானே பேசுகிறேன். அவர்கள் அடித்தாலும் சரி, மண்ணை வாரித் தூற்றினாலும் சரி, தடுக்காதே.

உன் சம்சாரத்துக்கு எங்கள் அன்பைச் சொல். மகள் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். கப்பலில் குளிர் காற்று படாமல் அவளைக் கூட்டிவா. வாசலில் நான் திரும்பினால் மட்டும் என் கையைப் பிடித்துக்கொள், சின்னுசாமி.

உன்னோடு ஓடிய,
சென்றாயன்