கம்பெனி பஸ்ஸில் என் சீட்

பிள்ளைப்பாக்கம்,
ஞாயிறு காலை.

அன்பு மகன் கார்முகிலுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், புனேயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பத்தானே முடியும், வீடியோ காலில் கன்னம் ஒட்டித் தெரிகிறது. தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிக்காதே, காரணம் இருக்கிறது, கடைசி வரை படி. அப்பாவுக்கு இருங்காட்டுக்கோட்டையில் பகல் ஷிப்ட், செக்யூரிட்டி தொப்பியை வீட்டுக்குள்ளும் கழற்றுவதில்லை, கேட்டால் டூட்டின்னா டூட்டிதான்டி என்கிறார். கொய்யா காய்த்துக் கொட்டுகிறது, மாடி ரூமில் இருக்கும் தென்காசிப் பிள்ளைகள்தான் பறித்துத் தின்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் வல்லம் வடகாலுக்கு வேலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் எனக்கு சீட் பிடித்து வைக்கும் பெண் ஒருத்தி உண்டு என்று சொல்லியிருக்கிறேனே, முந்தின ஸ்டாப்பில் ஏறி பக்கத்து சீட்டில் டிபன் பையை வைத்துவிடுவாள், எவர் கேட்டாலும் எடுக்க மாட்டாள். அவளுக்குக் கொஞ்சம் திக்கும், அதனால் அதிகம் பேச மாட்டாள், நான் பேசுவதற்கெல்லாம் சிரிப்பாள், என் வாய்க்கு அப்படி ஒரு ஆள் கிடைக்க வேண்டுமே. போன வாரம் பெருமை தாங்காமல் உன் போட்டோவைக் காட்டினேன். அவள் முகம் சுண்டிப்போய்விட்டது. மறுநாள் பை அவள் மடியில் இருந்தது, என் சீட்டில் வேறு யாரோ. டீ டைமில் விடாமல் கேட்டேன், நான் இன்னாம்மா பண்ணேன் உனக்கு என்று. சொன்னாள். அவள் பெயர் சத்யப்பிரியா, உன்னோடு பத்தாவது படித்தவள், ஞாபகம் வருகிறதா?

வகுப்பில் அவள் படிக்க எழுந்தால் நீ காலை உதைத்து உதைத்து, ஸ்டார்ட் ஆகாத வண்டிக்குக் கிக்கர் அடிப்பதுபோலக் காட்டுவாயாம், மொத்த கிளாசும் டுர் டுர் என்று கத்துமாம். நல்ல மார்க் இருந்தும் அவள் பிளஸ் ஒன் சேராததற்கு அதுதான் காரணமாம். டேய், அந்த உதையை நீ வீட்டில் செய்து காட்டினாய், நான் கீரை ஆய்ந்துகொண்டே விழுந்து விழுந்து சிரித்தேன். டீச்சர் கூப்பிட்டுச் சொன்னபோதும் பசங்கன்னா அப்டிதான் மிஸ் என்று சொல்லிவிட்டு வந்தவள் நான். அதையும் அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன், அழுதும்விட்டேன். நீங்க கேட்டுட்டீங்க ஆன்ட்டி, அவன் கேக்கலையே என்றாள். உடனே உனக்குப் போன் போடப் போனேன், தடுத்துவிட்டாள். போன்ல வாணாம், அவன் கடகடன்னு பேசிட்டு வெச்சிடுவான், எனக்கு ஒரு வார்த்த வரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும், எழுதச் சொல்லுங்க, நான் நிதானமா படிச்சிக்கிறேன் என்றாள்.

அதனால்தான் நானும் பேனாவை எடுத்தேன். உள்ளே ஸ்டாம்ப் ஒட்டி நம் விலாசம் எழுதிய கவர் இருக்கிறது, வந்ததும் பிரிக்காமல் அவளிடம் கொடுத்துவிடுவேன். விளையாட்டுக்குச் செய்தேன் என்று ஒரு வரி எழுதினாலும் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுது. பதில் போடுவதும் போடாததும் அவள் இஷ்டம், நீ கேட்கக் கூடாது.

நீ நல்லவன்தான், என் வயிற்றில் பிறந்தவன், நோய் நொடி இல்லாமல் நூறு வயசு இரு. ஒன்று மட்டும் மறக்காதே. வியாழக்கிழமையிலிருந்து டிபன் பை மறுபடி என் சீட்டில் இருக்கிறது, உட்காருங்க ஆன்ட்டி என்று கண்ணாலேயே கூப்பிடுகிறாள். நான்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போகிறேன், உன் கடிதத்தை அவள் கையில் கொடுத்த பிறகுதான் உட்காருவேன். என் முட்டி வலி உனக்குத் தெரியும், சீக்கிரம் எழுது.

உன் அம்மா,
காந்திமதி