இடுப்பில் இருந்த கத்தி

அன்புள்ள கணவருக்கு, அம்மன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறேன். நீங்களும் மாமியும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? பால் கட்டுவது நின்றுவிட்டது என்று மாமியிடம் சொல்லுங்கள். வேலை செய்யும் வீட்டில் தனியாக நின்று போனில் பேச இடமில்லை, அதனால் எழுதுகிறேன்.

கொழும்புக்குத் திரும்பும்போது கினிகத்தேனையில் பொலிஸ் பஸ்ஸைச் சோதித்தது. என் கிட்ட நின்றவர்கள் கண்டக்டர், ஒரு பொலிஸ் அம்மா, இரண்டு பொலிஸ்காரர்கள். பிள்ளை இறந்து பிறந்தால் நாற்பது நாள் இரும்பில்லாமல் வெளியே போகக்கூடாது என்று மாமி என் இடுப்பில் முடிந்துவிட்ட சின்னக் கத்தி அகப்பட்டது.

“அக்கா மாங்கா வெட்டப் போறாங்க சேர், விடுங்க” என்றார் கண்டக்டர். எல்லாரும் சிரித்தார்கள்.

“பையில இருந்தா கேக்க மாட்டேன். ஒளிச்சு வச்சிருக்கீங்களே, எதுக்கு?” என்றார் அந்த அம்மா.

பதில் சொல்லாததால் வழக்குப் போட்டார்கள். பயப்பட ஒன்றுமில்லை.

பதினெட்டாம் திகதி நீதிமன்றத்தில் காரணம் கேட்பார்கள். சொன்னால் பிள்ளை விசயம் எல்லார் முன்னாலும் வரும். சொல்லாவிட்டால் தண்டனை கிடைக்கலாம். எது நல்லது என்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நீங்கள் வருவதானால் கோயில் திருநீறு கொஞ்சம் கொண்டு வாருங்கள். அடுப்பில் சோறு இருக்கிறது, நிறுத்துகிறேன். பிள்ளையைப் பற்றிச் சொல்லலாமா என்று சீக்கிரம் பதில் போடுங்கள்.

தவமலர்