ஓங்கரிப்பும் பன்னிரண்டடித் தண்ணீரும்

என் சரசு,

நீ போய் இரண்டு ஆடி கழிந்துவிட்டது. இன்று உனக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது, நம்ப மாட்டாய். நான் தண்ணீருக்குள் மூழ்கினேன்.

சிரிக்காதே. எருமப்பட்டித் தோட்டத்துக் கிணற்றில் நீ குதிக்கும்போதெல்லாம் துண்டைப் பிடித்துக்கொண்டு மேட்டில் நின்றவன்தான் நான். சொம்பு விழுந்தாலும் ஸ்பேனர் விழுந்தாலும் நீதான் முங்கி எடுப்பாய். "கீழே எப்படி இருக்கும்?" என்று கேட்டால், தலையைத் துவட்டிக்கொண்டே "வந்து பாருங்களேன், சொன்னாப் புரியாதுங்க" என்பாய். முப்பது வருடம் தண்ணீரில் ஒளி வளைவதைக் கரும்பலகையில் வரைந்து காட்டிய இயற்பியல் வாத்தியார் நான். ஒரு தடவைகூட இறங்கிப் பார்க்கவில்லை. நீ போன பிறகும் அந்தக் கேள்வி என்னிடமே இருந்தது. இப்போது இறங்கலாமென்றால் கிணற்றில் தண்ணீர் இல்லை.

சேலத்தில் ஒரு நீச்சல் குளத்தில், முதுகில் காற்று சிலிண்டர் கட்டி மூழ்கச் சொல்லித்தருகிறார்கள். நீச்சல் தெரியாதவரையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போவார்களாம். மருத்துவரிடம் மூன்று முறை கேட்டு, அவர் எழுதிக் கொடுத்த காகிதத்துக்கு நகலும் எடுத்துக்கொண்டுதான் போனேன். நம் மகள் கவிதா போனில், "இந்த வயசுல இதெல்லாம் ஏனுங்கப்பா?" என்றாள். என்ன சொல்வது? உன் அம்மா என்ன பார்த்தாள் என்று பார்க்கப் போகிறேன் என்றா?

தண்ணீரை நினைத்துத்தான் பயந்துகொண்டு போனேன். ஆனால் தண்ணீர் வரைக்கும் போகவே முடியவில்லை. காற்றுக் குழாயின் முனையில் ஒரு ரப்பர் இருக்கிறது, மௌத்பீஸ் என்கிறார்கள். அதை உதட்டுக்குள் நுழைத்துப் பல்லால் பிடிக்க வேண்டும். நுழைத்ததும் ஓங்கரித்தேன். துப்பினேன். ஐந்து தடவை முயன்றேன், ஐந்தும் அப்படியே. தாடை வலித்ததுதான் மிச்சம்.

சொல்லித்தருகிற பெண் பூங்கொடி, மேட்டூர் அணையில் மீன் பிடிக்கிற வீட்டுப் பிள்ளை. "சாமி, அது கரும்பில்லீங்க. இந்தக் கடி கடிச்சா தாடை வலிக்காம என்ன பண்ணும்?" என்றாள். பிறகு தணிந்த குரலில், "அடுத்த ஞாயித்துக்கிழமையும் இப்படியே இருந்தா உங்களை உள்ள எறக்க மாட்டேனுங்க. கோவிச்சுக்காதீங்க" என்றாள். சின்னதாக, மெத்தென்ற ரப்பர் ஒன்றைப் பழகிக்கொண்டு வரச் சொல்லிக் கொடுத்தனுப்பினாள்.

எனக்கு மட்டும் ஏன் இத்தனை குமட்டல்? மறுநாள் காலை குழாயடியில் பல் விளக்கும்போதுதான் உறைத்தது. நாக்கை வழித்து, இரண்டு விரலை உள்ளே விட்டு, தெருவே விழிக்கும்படி காறி, கண்ணில் நீர் வந்தால்தானே நமக்குப் பல் விளக்கிய திருப்தி? "இவரு ஓங்கரிச்சா எதிரூட்டுச் சேவலே வாயை மூடிக்குது" என்று நீ உன் அக்காவிடம் சொன்னது என் காதில் விழுந்திருக்கிறது. நாக்கில் எது பட்டாலும் குமட்டு என்று அறுபது வருடமாக நானே என் தொண்டைக்குப் பாடம் நடத்தியிருக்கிறேனோ? உறுதியாகத் தெரியவில்லை. ஆனாலும் அன்றே விரலை நிறுத்தினேன்.

பேப்பர் படிக்கும்போது ரப்பரை வாயில் வைத்துக்கொண்டேன். முதல் நாள் ஒரு நிமிடம், நான்காம் நாள் தலையங்கம் முழுவதும். பல் சும்மா தாங்கினால் போதும், மூடுவது உதட்டின் வேலை. நாக்கைக் கீழே படுக்க வைத்து, மூச்சை நீளமாக வெளியே விட்டால் தொண்டை அடங்குகிறது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். பால்காரர் எட்டிப் பார்த்து, "வாத்தியாருங்க, பல்லு செட்டு புதுசுங்களா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூங்கொடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருமல் வந்தாலும் ஓங்கரிப்பு வந்தாலும் அதுக்குள்ளயே. கழட்டிராதீங்க சாமி."

பாதி ஆழத்தில் ஓங்கரிப்பு வந்துவிட்டது. ரப்பரைக் கையால் வாயோடு அழுத்திப் பிடித்து, அதற்குள்ளேயே இரண்டு முறை இருமினேன். குமிழ்கள் மேலே போயின. அடுத்த மூச்சு வருமா என்று காத்திருந்தேன். வந்தது, சரசு!

பன்னிரண்டடியில் மண்டியிட்டு அண்ணாந்து பார்த்தேன். கரையில் யாரோ ஒருவர், கையில் துண்டோடு. அவர் அசையாமல்தான் நின்றிருப்பார். ஆனால் அடியிலிருந்து பார்க்கையில் தலையிலிருந்து கால்வரை நடுங்கிக்கொண்டிருந்தார்.

நீ முங்கி மேலே வரும்வரை நான் நிஜமாகவே நடுங்கிக்கொண்டிருப்பேன். அது உனக்குத் தெரிந்துவிடுமோ என்று வெட்கப்பட்டே காலம் போயிற்று. கீழே இருந்து நீ எதைப் பார்த்தாய்? என் நடுக்கத்தையா, தண்ணீரின் நடுக்கத்தையா? பிரித்துப் பார்க்க முடிந்ததா? அல்லது தெரிந்தேதான் சொல்லாமல் விட்டாயா?

தை மாதம் பாண்டிச்சேரிக் கடலில் இறங்குகிறேன். எத்தனை ஓங்கரித்தாலும் கழட்ட மாட்டேன், இது உனக்குக் கொடுக்கும் வாக்கு. படகின் ஓரத்தில் துண்டோடு உட்கார்ந்திருப்பதாகக் கவிதா சொல்லியிருக்கிறாள். கீழே இருந்து அவளைக் கண்ணாரப் பார்ப்பேன். மேலே வந்த பிறகு, நடுங்கினாயா என்று மட்டும் கேட்க மாட்டேன்.

கிணற்று மேட்டில் நின்ற
உன் வீட்டுக்காரன்