எம்பகிக்கு ஆள் பிடித்த நாட்கள்

பிப்ரவரி 12, திங்கள்

தலைநகரின் ந்டிண்டா பகுதியில் மென்பொருள் எழுதுகிறவர்களின் கூட்டம். எம்பகியைப் பற்றிப் பேச எனக்கு இருபது நிமிடம். நானும் என் நண்பன் ப்யாருஹங்காவும் பதினோரு வருடமாகக் கட்டிவரும் ஃப்ரேம்வொர்க். பெரிய, நெடுநாள் ஓடவேண்டிய இணையதளங்களை இதன்மேல் எழுதலாம். யாரும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம். எம்பகி என்றால் எங்கள் மொழியில் வீட்டைத் தாங்கும் தூண்; நெடுநாள் தாங்கட்டும் என்றுதான் அந்தப் பெயர். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே புளித்துவிட்டது.

முதல் கேள்வி: "அக்கா, இதுல ஒரு சைட் எத்தனை நிமிஷத்துல போடலாம்?"

"பத்து வருஷம் கழிச்சு யார் திறந்து பார்த்தாலும் புரியும். அதைத்தான் சொல்ல வந்தேன்."

"பத்து வருஷம் கழிச்சு நான் கனடாவுல இருப்பேன் அக்கா!"

அரங்கமே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

பிப்ரவரி 15, வியாழன்

இந்த வாரம் எம்பகியைப் புதிதாக இறக்கிக்கொண்டவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் நான், வேறொரு கணினியிலிருந்து.

பிப்ரவரி 23, வெள்ளி

மசாகா போய் வந்தேன். அங்கே ஒரு காப்பி விவசாயிகள் சங்கம், நாற்பதாயிரம் பேரின் பதிவேட்டைக் கணினிக்கு மாற்றப்போகிறது. எம்பகிக்கென்றே செய்தது போன்ற வேலை. அவர்கள் எடுத்துக்கொண்டால் பின்னால் பத்துச் சங்கங்கள் வரும். கணினிப் பிரிவுத் தலைவர் செகிட்டோ நல்ல மனிதர்தான், மேடம் என்பதற்கு 'ந்யாபோ' போட்டு மரியாதையாகத்தான் பேசுகிறார், ஆனால் —

"ந்யாபோ, உங்க வெப் பக்கமெல்லாம் கவர்மென்ட் ஃபாரம் மாதிரி இருக்கே. கொஞ்சம் மின்ன வேண்டாமா?"

மின்ன! மழை பெய்தால் பாதி கிராமங்களில் சிக்னலே இல்லை.

"பழசையெல்லாம் ஏன் சுமக்குறீங்க? பத்து வருஷத்துக்கு முன்னாடி எழுதினதுகூட இன்னும் ஓடுதாமே. அது பெருமையா?"

பெருமைதான் என்றேன். நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். என்ன எழுதினாரோ, பார்க்கும் தைரியம் எனக்கில்லை.

பிப்ரவரி 26, திங்கள்

ப்யாருஹங்கா இப்போது பெரிய கம்பெனியில் வேலை. எம்பகிக்கு வாரத்தில் ஒரு நாள்தான். அந்த ஒரு நாளும் எனக்கு உபதேசத்துக்கே சரியாகிவிடுகிறது.

"செகிட்டோ சொல்றது சரி, ரூத். பழைய முறைல எழுதின சைட்டுங்களைத் தாங்குற பகுதியை வெட்டி எறி. அடுத்த பதிப்புல புது முகம், புது வேகம். பழசை இன்னும் யார் வச்சிருக்கா?"

யார் வைத்திருக்கிறார்கள்? பதினோரு வருடத்தில் யாராவது ஒரு வரி எழுதிச் சொன்னார்களா? கெட்டுப்போனால் திட்டுவார்கள், ஓடினால் வாயே திறக்க மாட்டார்கள். போதும்டா சாமி.

மார்ச் 4, திங்கள்

அறிவித்துவிட்டேன். ஜூன் பதிப்பில் பழைய முறை இருக்காது, அதில் எழுதியவர்கள் எல்லாவற்றையும் புது முறைக்கு மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும். முப்பது பேர் கட்டைவிரல் தூக்கியிருக்கிறார்கள். பதினோரு வருடத்தில் இவ்வளவு பாராட்டு வந்ததில்லை. அப்படியும் அந்த அறிவிப்பைத் திரும்பத் திரும்பத் திறந்து படிக்கிறேன்.

மார்ச் 6, புதன்

ஒரு மின்னஞ்சல். அப்படியே எழுதி வைக்கிறேன்.

"மேடம், என் பெயர் சாந்திரு. ஆருவா அருகே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பதிவேட்டு எழுத்தர். குழந்தைகளின் தடுப்பூசிப் பதிவேடு எம்பகியில் ஓடுகிறது. எல்லாம் பழைய முறை, 212 படிவங்கள். பார்த்துக்கொள்ள நான் ஒருத்திதான். எனக்கு எத்தனை நாள் இருக்கிறது?"

திட்டவில்லை. கெஞ்சவில்லை. எத்தனை நாள் என்று மட்டும் கேட்கிறாள்.

மதியம் அவளைக் கூப்பிட்டேன். கணினிப் படிப்பு படித்தவள் இல்லை. எங்கள் கையேட்டைப் படித்தே கற்றுக்கொண்டாளாம். "இவ்வளவு நாளா ஏம்மா ஒண்ணுமே எழுதல?" என்றேன்.

"எழுத ஒண்ணும் இல்லையே மேடம். நல்லாத்தானே ஓடுச்சு."



மார்ச் 9, சனி

பழைய முறை இருக்கும் என்று மறு அறிவிப்பு. கட்டைவிரல்கள் இந்த முறை கீழ்நோக்கி. ப்யாருஹங்கா வீட்டுக்கே வந்துவிட்டான்.

"இருநூறு ஃபாரத்துக்காக நாற்பதாயிரம் விவசாயிங்களை விடுறியா?"

"இன்னும் பத்து வருஷத்துல அந்த நாற்பதாயிரம் பேரும் பழசாயிடுவாங்க. அவங்களையும் வெட்டுவியா?"

மட்டோக்கே வாழைக்காய் மசியலைத் தட்டில் பாதி வைத்துவிட்டு எழுந்து போனான். என் சமையலில் பாதி வைத்து இதுவரை போனதில்லை.

மார்ச் 20, புதன்

மசாகாவில் சங்கக் கமிட்டி. சாந்திருவைத் தொலைபேசியில் இருக்கச் சொல்லியிருந்தேன், ஏதாவது சந்தேகம் கேட்டால் பதில் சொல்லட்டும் என்று.

எனக்கு முன்னால் பேசிய போட்டிக் கம்பெனிக்காரர்களின் திரையில் காப்பிக் கொட்டைகள் சுழன்றன. கைதட்டல். என் முறை வந்தபோது பாதிப் பேர் தேநீருக்குப் போயிருந்தார்கள். ஏன் வந்தேன் என்றிருந்தது.

கமிட்டியில் நகிபூக்கா என்றொரு அம்மா, காப்பித் தோட்டக்காரர், அதுவரை வாயே திறக்காதவர், கையைத் தூக்கினார். "நீ எழுதுறே, சரி. நாளைக்கு நீயே செத்துட்டா?"

செகிட்டோ நெளிந்தார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். என் பதில் எல்லாம் தயாராக இருந்தது, ஆவணங்கள், சோதனைகள்... வாய் திறப்பதற்குள் மேஜைமேல் இருந்த தொலைபேசி பேசிவிட்டது.

"அம்மா, இங்க ஆஸ்பத்திரிப் பதிவேட்டை எழுதினவர் செத்து ஆறு வருஷம் ஆச்சு. நான் அவரைப் பார்த்ததே இல்ல. அதுக்கப்புறம்தான் வேலைக்கு வந்தேன். அவர் எழுதினதைப் படிச்சேன், புரிஞ்சுது. ஒரு குழந்தையோட ஊசிகூடத் தவறல."

தேநீர் குடித்துத் திரும்பியவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

நகிபூக்கா தலையாட்டினார். "அந்தப் பொண்ணு எந்த ஊரு?"

என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஏப்ரல் 2, செவ்வாய்

செகிட்டோ கூப்பிட்டார். "கமிட்டி எம்பகின்னு முடிவு பண்ணிடுச்சு ந்யாபோ. அந்த ஆருவாப் பொண்ணு உங்க குழுவுலதானே இருக்கா?"

"இருக்கா" என்றேன். போனை வைத்தவுடன் அவளை அழைத்து, குழுவில் சேரச் சொல்லிக் கெஞ்சினேன்.

ப்யாருஹங்காவுக்குச் செய்தி அனுப்பினேன். ஞாயிறு சாப்பிட வருகிறானாம். மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை, கோழியா மீனா என்றுதான் கேட்டான்.

ஏப்ரல் 19, வெள்ளி

எம்பகிக்கு எழுதி வருவதில் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்ற உரிமையைச் சாந்திருவுக்கும் கொடுத்து நான்கு நாள் ஆகிறது. முதல் வேலையாக, நான் மூன்று வாரம் மண்டையை உடைத்து எழுதியதைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

"மேடம், இது எனக்கே புரியல. எனக்கப்புறம் வர்றவளுக்குச் சுத்தமாப் புரியாது. திரும்ப எழுதுங்க."

கொழுப்பைப் பார்! காலை முழுக்க எரிச்சல்.

மதியம் திரும்ப எழுத உட்கார்ந்தேன்.