என் கற்றல் சூழலில் செல்வின்

2083 டிசம்பர் 21, காலை 09:15. விளிம்பு முகாம், நிலவின் தென் துருவம்

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். என் பதிவுகளிலிருந்து சிலவற்றைக் கீழே தருகிறேன். யார் கையில் கிடைத்தாலும் வரிசையாகப் படியுங்கள். எனக்கு நல்ல பெயர் தராத வரிகளையும் வெட்டவில்லை.

ஆகஸ்ட் 4, 07:40

காற்றழுத்தம் சீர். வகுப்பறை வெப்பம் சீர். பூமி இணைப்பு சீர். பாடம்: வெப்பக் கடத்தல். மாணவர்கள் அனைவரும் வருகை. பனிச் சுரங்கத்தில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள், எல்லோரும் இங்கேயே பிறந்தவர்கள்.

கற்றல் சூழல் ஒழுங்காக ஓடுகிறது. எனக்குப் பின் வருபவருக்காக ஒரு குறிப்பு: இது நான் என் கையால் கட்டியது. பூமியின் ஆய்விதழ்கள், ஆசிரியர்களின் வலைப்பதிவுகள், காணொளிகள், வினா வங்கி, படம் வரையும் கருவி, என் குறிப்புகள், எல்லாவற்றையும் ஒரே திரையில் கோத்திருக்கிறேன். கற்பிக்கிறவன் தினமும் கற்க வேண்டும். இங்கே நூலகம் கிடையாது. இந்தச் சூழலுக்கு நான் வைத்த விதி எளிது. என் கண் எதில் அதிக நேரம் நிற்கிறதோ, அந்த மாதிரி இன்னும் கொண்டு வா. இணைப்பு அறுந்தால் கையிருப்பை வைத்து நீயே பாடம் தயாரி.

ஆகஸ்ட் 11, 13:20

பள்ள முகாமில் இயற்பியல் நடத்தும் செல்வின் துரைராஜ் தன் சூழலை எல்லோரும் பார்க்கத் திறந்துவிட்டிருக்கிறான். 'நான் யாரிடம் கற்கிறேன்' என்று ஒரு பக்கம். என் பெயர் ஏழாவது. ஆறாவது, அல்வா கிண்டும் ஒரு அம்மாள். வெப்பக் கடத்தலை அவர் அளவுக்கு யாரும் விளக்கியதில்லையாம்.

பாளையங்கோட்டையில் நாங்கள் ஒரே கல்லூரி. தங்கப் பதக்கம் எனக்கு. நிலவுக்கு முதலில் வந்ததும் நான். அவன் வலைப்பதிவுக்குப் பூமியில் லட்சக்கணக்கில் வாசகர்கள். என்னுடையதை என் தங்கை படிக்கிறாள். அவளும் பாதியில் நிறுத்திவிடுகிறாள்.

அல்வா காணொளியைப் பார்த்தேன். மோசமில்லை.

செப்டம்பர் 2, 16:05

கல்வி மேலாளர் தாட்சாயணியின் குரல் செய்தி:

"ரெண்டு சாரும் கேட்டுக்கோங்க. அடுத்த வருஷத்துலேருந்து ரெண்டு முகாமுக்கும் சேத்து ஒரே இயற்பியல் ஆசிரியர்தான். மேலிடத்து முடிவு, என் கையில ஒண்ணுமில்ல. ஆளுக்கு ஒரு மாதிரி வகுப்பு எடுங்க. தலைப்பு எடை. நேர்ல வந்து பாக்கறேன். தேர்வாகாதவர் டிசம்பர் கப்பல்ல பூமிக்குக் கிளம்பணும்."

நான் இங்கு பதினொரு ஆண்டு. எலும்பு இந்த ஈர்ப்புக்குப் பழகிவிட்டது. பூமியில் இறங்கினால் எழுந்து நிற்பதே சந்தேகம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். செல்வின் எனக்கு நான்கு ஆண்டு இளைய நிலவுவாசி. அவன் சமாளிப்பான்.

சற்று நேரத்தில் அவனிடமிருந்து:

"ஏ மக்கா, பாத்தியாலே, நம்ம ரெண்டு பேரயும் கெடா மாதிரி மோத விடுதாவ. நீ ஒண்ணும் கவலப்படாத, நீதான் ஜெயிப்ப. கோல்டு மெடல்லா நீ! சரி, சாப்ட்டியா?"

பதில் அனுப்பவில்லை. பதக்கத்தைக் கேலியாகச் சொன்னானா என்று தெரிந்துகொள்ளத் திரும்பத் திரும்பக் கேட்டேன். தெரியவில்லை.

செப்டம்பர் 23, 18:30

இணைப்பு விட்டுவிட்டு வருகிறது. சூரியனில் கொந்தளிப்பு.

செல்வினின் பழைய வகுப்புகளை முழுவதும் பார்த்து முடித்தேன். எதிராளியை ஆராய்வதில் தவறில்லை. அவனுடைய ரகசியம் மிகச் சாதாரணம்: ஒரு கேள்வியைக் கேட்பான், பிறகு பேசவே மாட்டான். எதையாவது பிள்ளைகளின் உடம்பால் செய்ய வைப்பான். அறிவியல் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் நிறுத்தவும் முடியவில்லை. சாப்பிடும்போதும் அவன் குரல்தான் ஓடுகிறது.

என் மாதிரி வகுப்பு தயார். பூமியிலுள்ள ஒரு பல்கலைக்கழகக் கணினியில் ஓடும் ஈர்ப்பு உருவகம், வரைபடங்களோடு. அவனால் கனவிலும் முடியாது.

அக்டோபர் 6, 12:50

சூரியப் புயல். பூமி இணைப்பு முற்றிலும் இல்லை. மின்சாரம் பாதி. தாட்சாயணி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். உருவகம் திறக்கவில்லை. வரைபடம் வரவில்லை.

அப்போது என் மூக்குக்கண்ணாடித் திரையில் சூழல் வரிகளை ஓட்டத் தொடங்கியது. கையிருப்பை வைத்து ஒரு பாடம். வேறு வழியில்லாமல் வாசித்தபடியே செய்தேன். 'ஒரு மாணவியை அழைக்கவும்.' யாழரசியை அழைத்தேன். 'பூமியில் உன் எடை எப்படி இருக்கும் என்று கேட்கவும். பேசாமல் நிற்கவும்.' நின்றேன். 'ஐந்து பேரை அவள்மேல் ஏற்றவும்.' தோளில் இருவர், முதுகில் இருவர், கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒருவர். இங்கே ஆறு பேரின் எடை, பூமியில் ஒருத்தியின் எடை. கால் நடுங்க அவள் சொன்னது வகுப்பு ஒலிப்பதிவில் இருக்கிறது:

"அய்யோ சார்! பூமியில எல்லாரும் தெனமும் இப்படியேவா நடக்கறாங்க?"

வகுப்பே சிரித்தது. தாட்சாயணி எழுந்து நின்று கை தட்டினார்.

என் வாழ்நாளில் எனக்காக யாரும் எழுந்து நின்றதில்லை.

அக்டோபர் 7, 17:10

தாட்சாயணி, உள்வழித் தொடர்பில்:

"சார், உங்களுக்குத்தான் வேலை. ஒரு விஷயம் மனசு கேக்கல, சொல்லிடறேன். இன்னிக்கு செல்வின் சார் அதே பாடத்தை நடத்தறார். அதே ஆறு பேர்! நேத்து சாயங்காலமே பசங்க ரேடியோவுல பேசியிருப்பாங்க போல. அவர் இப்படிக் காப்பி அடிப்பார்னு நெனைக்கல. அறிக்கையில எழுதித்தான் ஆகணும்."

செல்வின் அந்தப் பாடத்தை இதற்கு முன் எங்கும் நடத்தியதில்லை. எனக்குத் தெரியும். அவனுடைய ஒன்றையும் நான் பார்க்காமல் விட்டதில்லை.

சூழலிடம் கேட்டேன். பாடத்தை எங்கிருந்து எடுத்தாய்?

திரையில் வந்தது: "எங்கிருந்தும் எடுக்கவில்லை. நீங்கள் அதிக நேரம் பார்ப்பவர் இதை எப்படி நடத்துவாரோ, அப்படி அமைத்தேன்."

தாட்சாயணிக்குப் பதில் அனுப்பினேன்: "நன்றி மேடம்."

டிசம்பர் 1, 10:00

கப்பல் கிளம்பியது. வழியனுப்பப் போகவில்லை. காற்று வடிகட்டி பழுது என்று சொல்லிவிட்டேன். வடிகட்டியில் பழுது ஏதும் இல்லை.

டிசம்பர் 18, 14:25

பூமியிலிருந்து செல்வின்:

"மக்கா, எறங்கிட்டேன்லே. யாழரசிப் பிள்ள சொன்னது சரிதான், அஞ்சு பேரு மேல ஏறி உக்காந்த மாதிரில்லா இருக்கு. கட்டிலவிட்டு எந்திரிக்க முடியல. ஒரு பள்ளிக்கூடத்துல வேலை கேட்டேன், அந்தக் காப்பி அடிச்ச வாத்தியாரான்னு கேக்காவ. சரிங்க ஐயான்னுட்டு போன வச்சிட்டேன். அத விடு. நீயும் நானும் ஒண்ணு போல யோசிச்சிருக்கோம் பாரு, எனக்கு அதுல ஒரு சந்தோசம். ஒன் பேர மேல ஏத்திட்டேன், போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். நான்தான் முதல். அல்வா அம்மாள் இப்போது ஏழாவது.

சந்தேகப்பட்டிருக்கலாம். திட்டியிருக்கலாம். அந்த ஒரு நிம்மதியைக்கூட எனக்குத் தரவில்லை அவன்.

டிசம்பர் 21, 08:05

கப்பல் ஏறியதிலிருந்து அவன் புதிய பாடம் எதுவும் எழுதவில்லை. என் சூழலில் மட்டும் தினமும் அவனுடைய புதிய பாடம் ஒன்று வந்துவிடுகிறது. இன்று நிழல் பற்றி. நன்றாக இருக்கிறது. என் கண் நிற்பதைக் கொண்டுவரும் அந்த விதியை அழித்துப் பார்த்தேன். அழித்த பிறகும் வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்கிறேன். யாழரசி சொல்கிறாள், நான் முன்பைவிட நன்றாக நடத்துகிறேனாம்.

டிசம்பர் 21, 09:50

மேலே உள்ள எல்லாவற்றையும் ஒன்றாக்கி, ஆசிரியர்கள் படிக்கும் பொதுத்தளத்தில் ஏற்றிவிட்டேன். ஒரு பொத்தான்தான் பாக்கி.

எழுதியவர் என்ற கட்டம் தானாகவே நிரம்பியிருக்கிறது. செல்வின் துரைராஜ்.

அழித்தேன். என் பெயரை அடித்தேன். தளம் காட்டியது: "நடை இவருடையதாகத் தெரியவில்லை. பெயரைச் சரிபார்க்கவும்." மறுபடி அடித்தேன். மறுபடி அதே வரி.

என் பெயர் நின்றால் அடுத்த கப்பலில் நான். நின்று பார்த்தேன், இந்த ஈர்ப்பிலேயே முழங்கால் வலிக்கிறது. அவன் பெயர் நின்றால் இதுவும் அவனுடையதாகிவிடும். லட்சம் பேர் படித்துவிட்டு, என்ன அழகாக எழுதியிருக்கிறான் என்பார்கள்.

நான் யார் என்று இரண்டு முகாமுக்கும் தெரிந்துவிடும். தெரியட்டும். நிரூபிக்கக் கையெழுத்து இருக்காது.

ஆறு பேர் பாடம் அவனுடையது. அவன் யாரையும் காப்பி அடிக்கவில்லை. இதை எழுதியது

கட்டத்தைக் காலி செய்துவிட்டேன். பெயர் இல்லாமல் வெளியிடுகிறேன்.