வெள்ளை சாக்ஸ் போட்ட சிட்டு

என் கண்ணு நூபியாவுக்கு, அம்மா எல்வீரா எழுதறது. முழங்கால் வலியைத் தவிர எனக்கு இங்க ஒரு குறையும் இல்ல. நீயும் மாப்பிள்ளையும் அந்த மாட்ரிட் குளிர்ல சளி காய்ச்சல் இல்லாம இருக்கணும்னு மாதா முன்னால மெழுகுவத்தி ஏத்தி வெச்சுட்டுத்தான் எழுத உக்காந்தேன். காப்பிச் செடி இந்த வருஷம் நல்லா பூத்திருக்கு, சேவல் மட்டும் கிழடாகி நடுமத்தியானம் கூவுது. இப்ப நான் சொல்லப்போறதை ஃபோன்ல சொன்னா நீ சிரிப்பே, நீ சிரிச்சா எனக்குக் கோவம் வரும், அதனால மாட்ரிட்டுக்குத் திரும்பற உன் சிநேகிதி கிட்ட கொய்யாப்பழ அல்வாவோட இந்தக் கடுதாசியையும் குடுத்து விடறேன்.

விஷயம் என்னன்னா, உங்கப்பா பக்கத்து வீட்டு ஒஃபேலியா கிட்ட போயிட்டு வந்துட்டு இருக்கார். பயப்படாதே, எனக்குப் புத்தி கெட்டுப் போகல, அவரைப் புதைச்ச இடம் எனக்கும் தெரியும். ஆனா செத்துப் போனவங்க, பூவுல தேன் குடிக்கற ரீங்காரச் சிட்டா வந்து சொந்த வீட்டை எட்டிப் பாப்பாங்கன்னு நம்ம பக்கம் சொல்றது உனக்குத் தெரியாததா? அதுக்குத்தானே நீயும் சிட்டுக்கு இனிப்புத் தண்ணி ஊத்தி வெக்க, சிவப்புப் பூ வெச்ச அந்தக் கண்ணாடிக் குப்பியை அனுப்பினே. அவரோட வருஷப் பூசைக்குள்ள ஒரு தடவையாவது வருவார்னு நான் கொய்யா மரத்துல அதைக் கட்டிட்டு நாளெல்லாம் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். எறும்பு வந்துது, குளவி வந்துது, அவர் வரல. வேலிக்கு அந்தப் பக்கம் ஒஃபேலியா தொங்கவிட்ட குப்பியில பச்சையா குட்டியா ஒண்ணு, கால் ரெண்டுலயும் பஞ்சு சுத்தினாப்பல வெள்ளையா, அச்சு அசல் உங்கப்பாவோட கம்பளி சாக்ஸ்! வெய்யில் காலத்துல கூட அதைக் கழட்டாத மனுஷன் வேற யாரு இந்த ஊர்ல? கல்யாணத்துக்கு முந்தி திருவிழாவுல அவளோடதான் ஆடினார், அது எனக்கு மறக்கல, அவருக்கும் மறக்கல போலிருக்குன்னு வயிறு எரிஞ்சுது எனக்கு. அது போதாதுன்னு அவ அந்தச் சிட்டை வீடியோ எடுத்துப் போட, நீ வேற அதுக்கு இதயம் இதயமா அனுப்பி வெச்சிருக்கே. நான் அனுப்பின சேவல் படத்துக்கு ஒரு கட்டைவிரல். சரி, இருக்கட்டும்.

நான் என்ன குறை வெச்சேன்னு நீயே சொல்லு. வேலை முடிஞ்சு வந்து அவர் ஆசையா குடிக்கிற வெல்லத் தண்ணி, நல்ல கறுப்பு வெல்லமா பாத்து உடைச்சுப் போட்டு, அவருக்குப் பிடிச்ச மாதிரி எலுமிச்சம்பழம் பிழிஞ்சு ஊத்தி வெச்சேன். ஒரு நாள் ஒஃபேலியா வேலி மேல எட்டிப் பாத்துட்டு மூக்கைப் பொத்திக்கிட்டா. அடி எல்வீரா, வெல்லம் வெய்யில்ல புளிச்சுப் போகுதுடி, குடிச்சா அதுங்க நாக்குல புண்ணு வரும், எலுமிச்சம்பழம் வேறயா, இதென்ன விருந்தாளிக்கு வெக்கிற சர்பத்தான்னு கேக்கறா. வெள்ளைச் சர்க்கரை ஒரு பங்குக்குத் தண்ணி நாலு பங்கு, காய்ச்சி ஆறவெச்சு ஊத்து, சாயம் கீயம் ஒண்ணும் போடாத, அடிக்கடி குப்பியைக் கழுவுன்னா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. என் புருஷன் வெள்ளைச் சர்க்கரையைத் தொட்டதே இல்ல, அவருக்கு என்ன பிடிக்கும்னு நீ எனக்குச் சொல்ல வேண்டாம்னு கத்திட்டு உள்ள வந்துட்டேன். வந்து அழுதேன். எங்கிட்ட அத்தனை வருஷம் வெல்லத் தண்ணி குடிச்சவர், செத்தப்புறம் அவளுக்காக ருசியை மாத்திக்கிட்டாரேன்னு அழுதேன் கண்ணு.

பூசை கிட்ட வர வர எனக்குப் பொறுக்கல. வீம்பை மூட்டை கட்டி வெச்சுட்டு, குப்பியைச் சுடுதண்ணியில தேய்ச்சுக் கழுவி, அவ சொன்ன பிரகாரமே ஊத்தினேன். மறுநாள் காலையில சோள மாவுல அரெப்பா ரொட்டி சுட்டுக்கிட்டு இருக்கேன், விர்ருன்னு சத்தம். ஓடிப் போய்ப் பாத்தா வேற ஒண்ணு, பெரிசா, ரெண்டு காதோரமும் நீலமா மினுங்குது. குடிச்சுட்டுப் போகாம பக்கத்துக் கிளையிலேயே குந்திக்கிட்டு, வர்ற சிட்டையெல்லாம் கொத்திக் கொத்தி விரட்டுது. அப்பதான் நூபியா, வேலியைத் தாண்டி வெள்ளை சாக்ஸ் வந்துது! நம்ம மரத்துக்கு வந்துது! அந்தப் பிசாசு அதைக் குடிக்க விட்டாத்தானே, துரத்தோ துரத்துன்னு துரத்திடுச்சு. நான் தொடப்பத்தைத் தூக்கிட்டு, என் புருஷனை விடுடி சனியனேன்னு கத்த, ஒஃபேலியா அந்தப் பக்கம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கறா. அதை ஏன்டி திட்டறே, காதுல நீலக் கம்மலைப் பாரு, அது நீதான்டின்னா. என் கை தானா காதுக்குப் போச்சு. உங்கப்பா வாங்கிக் குடுத்த நீலக் கம்மலைத்தான் போட்டிருந்தேன்.

கோவம் வரணும், வரல, எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. அப்புறம் அவதான் வழி சொன்னா, முதல் குப்பி கண்ணுல படாத இடத்துல இன்னொண்ணு கட்டு, அந்தச் சண்டைக்காரி ரெண்டையும் காவல் காக்க முடியாதுன்னு. தன்னோட குப்பி ஒண்ணைத் தூக்கிட்டு வந்து அவளே சமையல்கட்டு ஜன்னலுக்கு வெளிய கட்டினா. ரெண்டு பேரும் காப்பியை வெச்சுக்கிட்டு மூச்சு விடாம உக்காந்திருந்தோம். வந்தார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் என் மூஞ்சி, அந்தப் பக்கம் அவர், ஒரு முழம் கூட இருக்காது. வயிறு முட்டக் குடிச்சார். குடிச்சுட்டு நேரா வேலியைத் தாண்டி ஒஃபேலியா வீட்டுக்குப் போயிட்டார். அவ பாவம் என் மூஞ்சியைப் பாக்காம காப்பிக் கோப்பைக்குள்ளயே பாத்துக்கிட்டு இருந்தா. போகட்டும்டின்னு நானே சொல்லிட்டேன்.

பூசைக்கு நீ கண்டிப்பா வரணும், வரும்போது எனக்கு முழங்கால் தைலம் மறக்காதே, மாப்பிள்ளையைக் கழுத்துல துணி சுத்திக்காம வெளிய போக விடாதே. ஒஃபேலியாவோட வீடியோவுக்கு எத்தனை இதயம் வேணும்னாலும் அனுப்பிக்கோ, வந்தா அவளையும் போய்ப் பாரு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா பெட்டியை முதல்ல நம்ம வீட்டுல இறக்கு. மாதா உங்க ரெண்டு பேரையும் கூடவே இருந்து காப்பாத்தட்டும்.

உன்னையே நினைச்சுக்கிட்டு இருக்கற,
நீலக் கம்மல்காரி,
அம்மா