எரிகோவைச் சொல்லிவிட்டேன், மீதியைச் சொல்லவில்லை

படூரில் எங்கள் ஃபிளாட்டுக்குப் பக்கத்து மனையில் அடித்தளத்துக்காக ஜேசிபி விட்டுப் பள்ளம் எடுக்கிறார்கள். பால்கனியில் துணி காயப்போடும்போது கண் தானாக அங்கே போகிறது. வெட்டிய பக்கத்தில் மண் வரிவரியாகத் தெரிகிறது. மேலே குப்பை மண், அடுத்தது செம்மண், அதற்கும் கீழே கிளிஞ்சல் கலந்த மணல். ஈர மண் வாசனை மாடி வரைக்கும் ஏறி வருகிறது. பாதித் துணியை வாளியிலேயே போட்டுவிட்டு உள்ளே வந்துவிடுகிறேன். சிநேகிதி, நீ கண்ணை மூடியதிலிருந்து பள்ளம் என்றாலே எனக்குப் பயம்.

உனக்கோ பள்ளம் என்றால் கொண்டாட்டம். செங்கல்பட்டுப் பக்கம் முதுமக்கள் தாழி தோண்டிய இடத்துக்கு இரண்டு கோடை வேலைக்குப் போனாய். முதலில் கூடை சுமந்தாய். பிறகு சின்னக் கரண்டியும் பிரஷும் உன் கைக்கு வந்தன. அப்புறம் உன்னைப் பிடிக்க முடியவில்லை. நாம் அச்சரப்பாக்கத்தில் இருந்தபோது, சர்ச்சில் நான் ஞாயிறு பாடம் நடத்தி முடித்ததும் வாசலில் வந்து வம்புக்கு நிற்பாய்.

"நீ படிச்சிட்டு சொல்ற டீச்சரே, நான் தோண்டிட்டு சொல்றேன். எது நெசம்?"

சர்ச் பிக்னிக்குக்கு மாமல்லபுரம் போன அன்று, பாதியில் நின்றுபோன ஒரு குகையின் உளித் தழும்புகளைத் தடவிக்கொண்டு நின்றாய். பஸ்ஸில் எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்று நான் கத்தினேன். "நாஸ்தா துன்னப் போனவன் திரும்பல போல கீது" என்று நீ சிரித்த சிரிப்பில் என் கோபம் போய்விட்டது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அந்தச் சிரிப்பு பாதியாகிவிட்டது. ஒரு மத்தியானம், எரிகோ கதையை வாசி என்றாய். யோசுவாவின் ஆட்கள் ஏழு நாள் ஊரைச் சுற்றி வந்து எக்காளம் ஊதியதும் மதில் விழும் அந்த வேதக் கதை உனக்கு எப்போதுமே பிடிக்கும். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் என் மகன் போனில் ஒரு வீடியோ காட்டியிருந்தான். எரிகோவில் விழுந்து கிடந்த மதில், யோசுவாவின் காலத்துக்கு வெகுவாக முந்தியதாம். அவர் வந்ததாகச் சொல்லப்படும் காலத்தில் அங்கே மதில் சூழ்ந்த ஊர் இருந்ததாகத் தெரியவில்லை என்றுதான் தோண்டியவர்களில் பெரும்பாலோர் சொல்கிறார்களாம்.

ஏழாம் நாள் எக்காளம் ஊதும் இடத்தில் என் குரல் நின்றுவிட்டது.

"இன்னா டீச்சரே, நிறுத்திட்ட?"

சமாளித்திருக்கலாம். கண்ணாடியைத் துடைத்திருக்கலாம், தண்ணீர் குடித்திருக்கலாம். அசடு மாதிரி எல்லாவற்றையும் உன்னிடம் கொட்டிவிட்டேன். நீ இமைக்காமல் கேட்டாய்.

"எத்தினி குழி போட்டாங்களாம்?"

"தெரியலடி."

"அடி மண்ணு வரைக்கும் போனாங்களா?"

"போனாங்கன்னுதான் சொல்றாங்க."

"ம்" என்றாய். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். அதன்பிறகு நீயும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டாய்.

அடி மண் வரைக்கும் தோண்டியவர்கள் சொன்னால் நீ நம்புவாய். அதுதான் என் பயம். எரிகோ மதில் இல்லையென்றால், நாம் மறுபடி சந்திப்போம் என்று உன் கல்லறையில் எழுதியிருக்கிறோமே, அது மட்டும் உண்டா? இந்தக் கேள்வியைப் போகிற நேரத்தில் உன் தலையில் ஏற்றி அனுப்பிவிட்டேனோ? அந்த "ம்" அசதியா, பயமா? பாத்திரம் கழுவும்போதும், ஷேர் ஆட்டோவில் போகும்போதும் திடீரென்று அது காதில் விழுகிறது.

மீதி தெரிந்தது பிறகுதான். பயத்தில் தேடித் தேடிப் படித்தேன். எசேக்கியா ராஜா எருசலேமுக்குள் தண்ணீர் கொண்டுவந்தான் என்று வேதத்தில் இருக்கிறதல்லவா? அவன் காலத்தது என்று சொல்கிற சுரங்க வழி ஒன்று பாறைக்குள் இன்னும் இருக்கிறது. இன்றும் அதில் தண்ணீர் ஓடுகிறது. இரண்டு முனையிலிருந்தும் இரண்டு கூட்டம் கோணல்மாணலாகக் குடைந்து வந்திருக்கிறது. உள்ளே பாறையில் பழைய எழுத்து இருந்தது. இன்னும் மூன்று முழம் பாக்கி இருக்கும்போது, ஒருவன் மற்றவனைக் கூப்பிடும் குரல் பாறைக்குள் கேட்டதாம். அந்தக் குரலைப் பார்த்து வெட்டிப்போய்ச் சேர்ந்தார்களாம். அதில் ராஜா பெயரே இல்லையடி, முழுக்க வேலைக்காரர்கள் பேச்சு. கேட்டிருந்தால் நீ கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருப்பாய். நீ போவதற்கு ஒரு வாரம் முன்னால் இதைப் படித்திருக்கக் கூடாதா நான்?

இதனால் எரிகோ மதில் எழுந்துவிடாது. தெரியும். என் பயமும் போகவில்லை.

போன சனிக்கிழமை பஸ் ஏறி மாமல்லபுரம் போனேன். அந்தப் பாதிக் குகையில் நீ தடவிய இடத்தில் காதை வைத்தேன். வெயில் பட்டுக் கல் சுட்டது.

"இன்னாம்மா, எதுனா கேக்குதா?" என்றார் இளநீர் விற்கிறவர்.

"ஒண்ணும் கேக்கல" என்றேன்.

அவர் அந்தப் பக்கம் போனதும் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். இன்னும் எத்தனை முழம் பாக்கி என்று எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் ஆள் இருக்கிறதா என்றும் தெரியாது. ஆனாலும் தினமும் ஒருமுறை கூப்பிடுகிறேன். உன் காதில் விழுந்தால், போகும்போது நீ பயப்படவில்லை என்று மட்டும் ஒரு குரல் கொடு.